அருளாந்தின் முப்பதாவது வண்டி

சாத்தனேரியில் ஒரு மாதிரிக் காரைச் சரியாகக் கட்டி முடித்தால், மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் அதற்கு உரியவர்கள் வந்து ஏறிக்கொள்வார்கள். இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில் கட்டிய கார் என்றால் வருகிறவர்களும் இருபத்துநாலில் ஒரு பங்குதான். நன்றாக வளர்ந்த ஆண் ஏழு சென்டிமீட்டர் இருப்பார். பெண்கள் ஆறரை. பின்வாசல் நிலைப்படிக்கு அடியில் இருக்கும் சந்து வழியாக வருவார்கள். கையில் பை இருக்கும், தூக்குவாளி இருக்கும், சில சமயம் சுருட்டிய பாய்கூட இருக்கும். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்த வண்டி அவர்களுடையது. கட்டியவர் தினமும் துடைத்து வைக்கலாம், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஏறாவிட்டால் ஐந்தாம் நாள் மறுபடியும் வருவார்கள். அன்றும் ஏறாவிட்டால் ஏழாம் நாள் கடைசியாக ஒருமுறை வந்து பார்ப்பார்கள். ஏழாம் நாளும் ஏறாமல் போனால் அது காலி வண்டி. மாதிரி வண்டி கட்டுகிறவர்களின் சங்கத்துப் பதிவேட்டில் அப்படித்தான் எழுதுவது.

அருளாந்து இருபத்தொன்பது காலி வண்டி கட்டியிருந்தார்.

ரயில்வேயில் முப்பத்தோரு வருடம் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊருக்குத் தெற்கே இருக்கிற பதினேழாம் எண் கேட். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் எண்ணிக்கையில் அவரிடம் பிசகு வராது. போகிற ரயிலில் எத்தனை பெட்டி, அதில் எத்தனை ஜன்னல் மூடியிருந்தது என்று அன்றைக்கே நோட்டில் ஏறிவிடும். இப்படிப்பட்டவருக்கு நாலு பேர் நடுவில் மட்டும் வாய் வராது. பஸ்ஸில் தன் நிறுத்தம் வந்தும் நிறுத்தச் சொல்லக் கூசி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தது இதுவரை பதினொரு முறை.

மாதிரிக் கார் கட்ட வேண்டுமென்றால் நிஜக் காரின் அளவு வேண்டும். அளவு வேண்டுமென்றால் காரின் சொந்தக்காரரிடம் போய்க் கேட்க வேண்டும். அருளாந்து யாரிடமும் கேட்டதில்லை. கேட்டை மூடினால் கார் தானாக வந்து நிற்கும். ரயில் வந்து போக நாலு நிமிடத்திலிருந்து ஏழு நிமிடம். அதற்குள் செருப்பு வாரைச் சரிசெய்கிறவர் போலக் குனிந்து, கோடு கீறிய மூங்கில் குச்சியை வைத்து அளவெடுத்துவிடுவார். ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு அளவு. ஒரு காருக்கு மொத்தம் ஐம்பத்தாறு அளவு. நோட்டில் ஐந்து பத்தி கோடு போட்டு வைத்திருந்தார். தேதி, ரயில் எண், கார் எண், உள்ளே எத்தனை பேர், அளவு. நாலாவது பத்தி எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஆட்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினார்.

ஓய்வு பெற்ற பிறகும் கேட்டுக்குப் போவதை விடவில்லை. இப்போதைய கேட் கீப்பர் செல்வராணி அவருக்கென்று வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தாள்.

முப்பதாவது வண்டியாக அவர் எடுத்துக்கொண்டது ஒரு பழைய ஹெரால்டு கார். இரண்டே கதவு. பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்க வேண்டும். அரிசி ஆலை ஞானதிரவியத்தின் கார் அது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய குடும்பம் அதில்தான் கோவிலுக்குப் போய் வரும். போகும்போது இரண்டு அளவு, திரும்பும்போது இரண்டு அளவு. பதினாலு ஞாயிற்றுக்கிழமையில் ஐம்பத்தாறும் முடிந்துவிட்டது.

சங்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். ஆள் ஏறிய வண்டி ஒன்றாவது வைத்திருப்பவர்களுக்கு மேஜையைச் சுற்றி நாற்காலி. மற்றவர்களுக்குக் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அருளாந்து பத்தொன்பது வருடமாகப் பெஞ்சில் இருந்தார். அவர் கண்முன்னே இருபத்திரண்டு பேர் பெஞ்சிலிருந்து எழுந்து நாற்காலிக்குப் போயிருக்கிறார்கள்.

தலைவர் பல் மருத்துவர் கோமதிநாயகி. பல் பார்க்கிற சிறிய கண்ணாடியை வண்டிக்கு அடியில் விட்டுப் பார்ப்பார். ஹெரால்டைக் கட்டத் தொடங்குவதற்கு முந்தைய கூட்டத்தில், அருளாந்தின் இருபத்தொன்பதாவது வண்டியை அப்படி அரைமணி நேரம் பார்த்தார்.

"ஐயா, எனக்கு ஒரு குறையும் தெரியலை. நட்டு போல்ட்டு வரைக்கும் இருக்கு. ஏன் ஏற மாட்டேங்கிறாங்கன்னு புரியலை."

"சரி டாக்டர்" என்றார் அருளாந்து.

"ஒன்பதாம் விதி தெரியுமில்லையா?"

"தெரியும்."

ஒன்பதாம் விதி இதுதான். முப்பது காலி வண்டி ஆனவரின் பெயர் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும். அவர் தம் கருவிகளைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எந்த அளவிலும் எந்த வண்டியும் கட்டக்கூடாது. இந்த விதியை எழுதியதே அருளாந்துதான். கையெழுத்து வரிசை கலையாமல் இருக்கும் என்று அவரிடம்தான் எழுதக் கொடுத்திருந்தார்கள். எண் இருபத்துநாலா முப்பதா என்று அப்போது ஒரு குழப்பம் வந்தது. முப்பது என்று சொன்னவரும் அவர்தான்.

மேஜையின் மறுகோடியிலிருந்து லேத் பட்டறை கதிரேசன் குரல் கொடுத்தார். ஆள் ஏறிய வண்டி எட்டு வைத்திருப்பவர்.

"அண்ணாச்சி, வண்டியைத் தூக்கிட்டுப் போய் பஸ் ஸ்டாண்டுல நின்னு கூவிப் பாருங்களேன். ஏறு ஏறு, உடனே கிளம்புதுன்னு."

கூடமே சிரித்தது. பெஞ்சும் சிரித்தது. அருளாந்தும் கொஞ்சம் சிரித்துவிட்டு, ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் திருகி மூடினார்.

ஹெரால்டைக் கட்ட நாலு மாதமும் ஒன்பது நாளும் ஆயின. தண்ணீர்க் குழாயின் பிவிசி துண்டைச் சூடு காட்டி விரித்து உடல் தகடு செய்தார். ஜன்னலுக்கு மாத்திரை அட்டையின் கண்ணாடிப் பக்கம், பளபளக்கிற பம்பருக்கு அதே அட்டையின் வெள்ளிப் பக்கம். கண்ணாடியைச் சுற்றி வருகிற கறுப்பு ரப்பருக்கு சைக்கிள் வால்வு டியூபை நாலாகக் கிழித்தார். புகைக்குழாய் ஒரு பேனா ரீஃபில். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைச் சவர பிளேடில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். உப்புத்தாள் மட்டும் நாற்பத்து மூன்று துண்டு தேய்ந்தது. முடித்து அளந்தபோது நீளம் பதினாறு சென்டிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர். நோட்டோடு ஐம்பத்தாறு அளவும் ஒத்துப்போனது.

வண்டியைச் சமையற்கட்டில், பின்வாசலைப் பார்க்க வைத்தார்.

மூன்றாம் நாள் காலை அவரும் மனைவி ரெஜினாவும் கதவுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறே காலுக்கு ஆறு பேர் வந்தார்கள். குடை வைத்த ஒரு மனிதர், அவர் மனைவி, வயதான ஓர் அம்மாள், தம்பி போல ஒருவர், தலை பின்னிய இரண்டு பெண்கள். குடைக்காரர் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். பிறகு பின்பக்கம் போய்ச் சக்கரத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்கள்.

அருளாந்து எழுதி வைத்துக்கொண்டார். இதுவரை இருபத்தொன்பது வண்டிக்கு மூன்று மூன்று தடவையாக எண்பத்தேழு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இது எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு தடவையும் கடைசியில் பின்சக்கரத்தைத்தான் பார்த்தார்கள். அவர் அன்று முழுவதும் பின்சக்கரத்தைக் கழற்றி, அளந்து, திரும்ப மாட்டினார். அளவு சரியாக இருந்தது.

ஐந்தாம் நாள் அதே ஆறு பேர் வந்தார்கள். குடைக்காரர் பின்சக்கரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். புறப்படும்போது வயதான அம்மாள் மட்டும் திரும்பி, காருக்குள் பார்த்துக் கையை அசைத்துவிட்டுப் போனாள்.

ரெஜினா காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "உள்ள இருக்கிறவங்களுக்குப் போய்ட்டு வாங்கன்னு சொல்லிட்டுப் போகுது அந்தம்மா."

"உள்ள யாரும் இல்லையே."

"இல்லதான். ஆனா வண்டி அப்படி நிக்கலையே."

அருளாந்து அவளைப் பார்த்தார்.

"நான் தீப்பெட்டி ஆபீசுக்கு இருபத்தாறு வருஷம் ஷேர் ஆட்டோவுல போனவ. ஆட்டோ தூரத்துல வரும்போதே சொல்லிருவேன், இடம் இருக்கா இல்லையான்னு. உள்ள எட்டிப் பாக்க வேண்டாம். வண்டி உக்காந்திருக்கிறதப் பாத்தாலே தெரியும். இந்தா, இது பின்னால எப்படி உக்காந்திருக்கு பாருங்க. சக்கரம் ரெண்டும் காலை அகட்டிக்கிட்டு நிக்குது. ஆறு பேர் ஏறின வண்டிங்க இது."

அருளாந்து நோட்டை எடுத்து வந்தார். ஹெரால்டின் ஐம்பத்தாறு வரிகளிலும் நாலாவது பத்தியை மட்டும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆறு, ஆறு, ஆறு. ஐம்பத்தாறு ஆறு. பிறகு பழைய நோட்டுகளை எடுத்தார். நாலு, ஐந்து, மூன்று, ஏழு. ஒரு வேனுக்குப் பதினாலு. முப்பது வண்டியில் ஒன்றில்கூட அந்தப் பத்தியில் பூஜ்யம் இல்லை. கேட்டில் வந்து நிற்கிற வண்டியில் ஆள் இல்லாமல் இருக்காது. அருளாந்துக்கு அறுபத்தொன்பது வயது. ஆள் இல்லாத ஒரு காரை அவர் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை.

"எங்க பாக்கிறது?" என்றார்.

"யாரு காரோ அவங்க வீட்டுலதான். போய்க் கேளுங்க."

"கேக்கணுமா?"

"ஏழாம் நாளு நாளன்னிக்கு" என்றாள் ரெஜினா.

அன்று பிற்பகல் அருளாந்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஞானதிரவியத்தின் வீட்டுக்குப் போனார். வீட்டைத் தாண்டி ஆறு முறை நடந்தார். ஏழாம் முறை, சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு அழைப்பு மணியை அழுத்தினார். ஞானதிரவியமே வந்து திறந்தார்.

"உங்க காரை ஆள் இல்லாம ஒரு தடவை பாக்கணும்."

"ஷெட்டுல ஆள் இல்லாமத்தான நிக்குது. வாங்க."

"இல்ல. ஆறு பேரும் ஏறி உக்காரணும். அப்புறம் ஒவ்வொருத்தரா இறங்கணும்."

இவ்வளவு நீளமாக வெளியாளிடம் அவர் பேசி வெகு காலமாகியிருந்தது. ஞானதிரவியம் உள்ளே திரும்பி, "எல்லாரும் வாங்கம்மா, கார்ல ஏறணுமாம்" என்றார். மனைவி, தாயார், தம்பி, கல்லூரிக்குப் போகிற இரண்டு மகள்கள் என்று ஆறு பேரும் கோவிலுக்குப் போகிற வரிசையிலேயே ஏறி உட்கார்ந்தார்கள். தாயாருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏம்ப்பா, பதினாலு வாரமா எங்க சக்கரத்துக்கிட்டயே குனிஞ்சு கிடந்தது நீதான? நாங்க ஏதோ ரயில்வே சட்டம்னுல்ல நெனச்சோம். இறங்குங்கன்னு சொல்லிருந்தா அன்னிக்கே இறங்கிருப்பமே."

"நான் வேற மாதிரி நெனச்சேன்" என்றார் ஞானதிரவியத்தின் மனைவி. "பாவம், வாரந்தவறாம செருப்பு வாரு அறுந்துபோகுதேன்னு ஒரு சோடி வாங்கியே வச்சுட்டேன். எட்டாம் நம்பர்தான?"

எட்டாம் நம்பர்தான்.

பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். அருளாந்து இந்தத் தடவை செருப்பு வாரைத் தொடாமல், தரையில் துண்டை விரித்து முழங்கால் போட்டு உட்கார்ந்து அளந்தார். ஒருவர் இறங்கினால் காரின் பின்பக்கம் பன்னிரண்டு மில்லிமீட்டர் எழும்பியது. முன்பக்கம் நாலு. ஞானதிரவியம் பருமனான மனிதர், இளைய மகள் ஒல்லி. ஆனாலும் ஆளுக்குப் பன்னிரண்டுதான். கார் ஆளை எண்ணுகிறது, எடையை அல்ல என்பதை அருளாந்து குறித்துக்கொண்டார். ஆறாவது ஆளாகத் தாயார் இறங்கியதும் காரின் பின்பக்கம் மொத்தம் எழுபத்திரண்டு மில்லிமீட்டர் எழும்பி, அகட்டியிருந்த பின்சக்கரங்களைச் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. நோட்டில் நாலாவது பத்தியில் அவர் முதன்முதலாக ஒரு பூஜ்யம் போட்டார். வட்டம் கோணாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் மெதுவாகப் போட்டார்.

எழுபத்திரண்டை இருபத்துநாலால் வகுத்தால் மூன்று. ஆறாம் நாள் முழுவதும் ஸ்பிரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சூடு காட்டி, வளைவைக் கூட்டி மாட்டினார். வண்டி பின்னால் மூன்று மில்லிமீட்டரும் முன்னால் ஒரு மில்லிமீட்டரும் உயர்ந்தது. மூன்று மில்லிமீட்டர் என்பது இரண்டு தீக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததைவிடக் கொஞ்சம் குறைவு. சாயங்காலம் ரெஜினா வாசல் வரைக்கும் தள்ளிப் போய் நின்று, ஷேர் ஆட்டோவைப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இடம் இருக்கு" என்றாள்.

ஏழாம் நாள் காலை ஆறு பத்துக்கு அவர்கள் வந்தார்கள். இந்தத் தடவை குடைக்காரர் ஜன்னல் பக்கம் போகவே இல்லை. நேராகப் பின்பக்கம் போனார். சக்கரத்தைப் பார்த்தார். வயதான அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் டிக்கியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். வண்டி அழுந்தி, கையை எடுத்ததும் எழும்பியது. குடைக்காரர் குடையை மடக்கினார்.

முதலில் இரண்டு பெண்களும் முன்சீட்டை மடக்கிக்கொண்டு பின்னால் ஏறினார்கள். பிறகு தம்பி. பிறகு குடைக்காரரின் மனைவியும் வயதான அம்மாளும். கடைசியாகக் குடைக்காரர் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ஒருவர் ஏறும்போதெல்லாம் பின்பக்கம் அரை மில்லிமீட்டர் இறங்கியது. அருளாந்து ஆறு வரைக்கும் எண்ணினார். ஆறாவது ஆள் ஏறியதும் வண்டி, அவர் முதலில் கட்டி வைத்திருந்த உயரத்துக்கு இம்மியும் கூடாமல் குறையாமல் வந்து நின்றது. குடைக்காரர் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார்.

"உங்க அளவு தப்பில்லைங்க" என்றாள் ரெஜினா. "அவங்க ஏறுறதுக்கு முந்தியே நீங்க ஏத்திட்டீங்க."

அருளாந்து கொல்லைப்பக்கம் போனார். துவைக்கிற கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். பதினேழு நிமிடம் ஆகியிருந்தது.

அடுத்த கூட்டத்தில் டாக்டர் கோமதிநாயகி பல் கண்ணாடியை வண்டிக்கு அடியில் விடவில்லை. உள்ளே ஆள் இருக்கிற வண்டிக்கு அடியில் கண்ணாடி விடுவது மரியாதை இல்லை. பதிவேட்டில் எழுதி, ஆறு பேர் என்று குறித்து, கையெழுத்துப் போட்டார். கதிரேசன் எழுந்தார். தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, மேல்துண்டால் துடைத்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுக்குப் போற வேலை இல்லாமப் போச்சு."

"நீங்க சொன்ன மாதிரி கூவலாம்னுதான் நெனச்சேன். குரல் வரலை" என்றார் அருளாந்து.

சங்கத்தில் அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நாற்காலி பெஞ்சைவிட மூன்று சென்டிமீட்டர் உயரமாக இருந்தது.

மாசி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் ஊர்வலம். ஆள் ஏறிய வண்டிகள் மட்டும் அதில் போகும். அதற்கு இன்னும் இருபத்தொரு நாள் இருந்தது. பீரோவுக்குள் இருபத்தொன்பது வண்டி இருந்தது.

நிஜக் கார்களில் பாதி இப்போது ஊரிலேயே இல்லை. ஆனால் யார் வீட்டுக்கும் போய்க் கேட்க வேண்டிய தேவை அருளாந்துக்கு இல்லை. எந்தக் காரை அளக்கும்போது உள்ளே எத்தனை பேர் என்பது நாலாவது பத்தியில் இருந்தது. ஆளுக்குப் பன்னிரண்டு என்பது இப்போது தெரிந்துவிட்டது. நாலு பேர் என்றால் இரண்டு மில்லிமீட்டர். ஐந்து பேர் என்றால் இரண்டரை. பதினாலு பேர் வேனுக்கு ஏழு. காலையில் ஒன்று, பிற்பகல் ஒன்று என்று எடுத்துக்கொண்டு பதினைந்து நாளில் இருபத்தொன்பது வண்டியையும் உயர்த்தி முடித்தார். பதினைந்தாம் நாள் பிற்பகல் கை சும்மா இருந்தது. ரெஜினாவின் முக்காலிக்கு ஒரு கால் குட்டையாக இருந்ததைச் சரிசெய்தார்.

பழைய வண்டி என்பதால் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையே வந்தார்கள். பின்வாசலில் வரிசை நின்றது. ரெஜினா தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைத்து வழிவிட்டாள். முதல் வண்டிக்கு ஒரு கட்டம் போட்ட சட்டைக்காரர் வந்தார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அதே வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிப் போனவர் அவர்தான். இப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டை அதே சட்டை. ஏறுவதற்கு முன் அவர் நிமிர்ந்து, கதவுக்குப் பின்னால் இருந்த அருளாந்தைப் பார்த்து, கடைசியில் இடம் கிடைத்துவிட்டது என்பதுபோல ஒருமுறை தலையசைத்தார். இந்தத் தலையசைப்பு மேலும் கீழுமாக இருந்தது.

ஊர்வலம் தபால் நிலையத்திலிருந்து பதினேழாம் எண் கேட் வரைக்கும். நமக்கு அரை கிலோமீட்டர். அவர்களுக்குப் பன்னிரண்டு. வழக்கமாக அறுபத்துநாலு வண்டி போகும். அந்த வருடம் தொண்ணூற்றுநாலு. அன்று காலை எட்டு மணிக்கே சாலையின் இரண்டு பக்கமும் ஊர் நின்றது. டவுன் பஸ்கள் ஓரம் கட்டி நின்றன. போக்குவரத்துக் காவலர் ஒருவர் சாலையில் கிடந்த மாங்கொட்டையையும் ஒரு செருப்பையும் அப்புறப்படுத்திவிட்டு, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார்.

டாக்டர் கோமதிநாயகி ஒலிபெருக்கியில் பதிவேட்டை வாசித்தார். லேத் பட்டறை கதிரேசன், எட்டு வண்டி, முப்பத்தேழு பேர். அப்படியே ஒவ்வொருவராக. கடைசியாக, "அருளாந்து ஐயா, முப்பது வண்டி, நூற்று நாற்பத்தேழு பேர்" என்றார். சங்கம் தொடங்கியதிலிருந்து இவ்வளவு பெரிய எண்ணை யாரும் வாசித்ததில்லை. சாலையின் இரண்டு பக்கமும் கைதட்டல் எழுந்து தபால் நிலையத்திலிருந்து கேட் வரைக்கும் ஓடி, அங்கிருந்து திரும்பி வந்தது. ஞானதிரவியத்தின் தாயார் நிஜ ஹெரால்டின் ஜன்னலிலிருந்து கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டினார். அருளாந்து குனிந்து தன் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்கதான் கொடி காட்டணும்" என்றார் டாக்டர்.

அதற்கு அருளாந்து கூசவில்லை. பச்சைக் கொடி காட்டுவது மட்டும் அவருக்கு என்றைக்குமே கூச்சமில்லை. முப்பத்தோரு வருடத்தில் எத்தனை முறை காட்டினார் என்பது நோட்டில் இருக்கிறது. முதுகை நிமிர்த்தி, கையை நேராக நீட்டி, ரயிலுக்குக் காட்டுவது போலவே காட்டினார். தொண்ணூற்றுநாலு வண்டியும் ஒன்றாகக் கிளம்பின. முன்னால் ஹெரால்டு. குடைக்காரர் ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே விட்டு ஓட்டினார். அதற்குப் பின்னால் கட்டம் போட்ட சட்டைக்காரர், பக்கத்துச் சீட்டில் பேத்தியோடு. பதினாலு பேர் வேனில் எல்லாரும் பாடிக்கொண்டு போனார்கள். பாட்டு கொசுவின் சத்தம் அளவுக்குத்தான் கேட்டது. ஆனால் தாளம் தப்பவில்லை. கதிரேசன் தன் எட்டு வண்டியை விட்டுவிட்டு, அருளாந்தின் முப்பதுக்குப் பக்கத்தில் கூடவே நடந்து, "பாத்து, பாத்து, முன்னால பெரியவர் வண்டி போகுது" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முப்பது வண்டியும் அதனதன் உயரத்தில் உட்கார்ந்து போயின. பின்னால் எதுவும் தூக்கிக்கொண்டு இல்லை, எதுவும் அமுங்கியும் இல்லை.

கேட்டுக்கு வந்தபோது ஒன்பது பத்து. செல்வராணி மணியடித்துக் கேட்டை மூடினாள். தொண்ணூற்றுநாலு வண்டியும் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. சிலர் இறங்கிச் சோம்பல் முறித்தார்கள். தூக்குவாளிகள் திறக்கப்பட்டன. அருளாந்து வேப்பமரத்தடியில், தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றார். ரெஜினா கூட நின்றாள்.

அப்போது இடது காலுக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர். ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பார். அவர் எந்த வண்டியிலிருந்தும் இறங்கி வந்தவராகத் தெரியவில்லை. கையில் கோடு கீறிய ஈர்க்குச்சி. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்கிறவர் போலக் குனிந்து, அருளாந்தின் குதிகாலில் குச்சியை வைத்தார்.

அருளாந்து கீழே பார்க்கவில்லை. பார்த்தால் அந்த மனிதர் கூசிப்போய்விடுவார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடி, நோட்டு, பேனா, இரண்டு சூட மிட்டாய், வீட்டுச் சாவி என்று ஒவ்வொன்றாக எடுத்து ரெஜினாவிடம் கொடுத்தார். கொடியையும் கொடுத்தார். ரெஜினா எல்லாவற்றையும் முந்தானையில் வாங்கிக்கொண்டு, தன் நிழல் விழாதபடி ஓரடி தள்ளி நின்றாள். அருளாந்து உள்ளே இருந்த மூச்சையும் வெளியே விட்டுவிட்டு, ஆள் இறங்கிய காரைப் போல நேராக நின்றார்.

ரயிலில் பதினெட்டுப் பெட்டி. அது போய் முடிவதற்குள் காக்கிச் சட்டைக்காரர் இரண்டு அளவு எடுத்திருந்தார். இன்னும் ஐம்பத்துநாலு இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காலையிலும் மாலையிலும் வந்து அதே இடத்தில் நின்றால், பதினாலு வாரத்தில் முடிந்துவிடும்.